கடைசித் தேதி

விண்ணப்பத்தை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துப்
பதினோரு நாள் ஆகிறது.
கொடுத்தபோது ஷைனி டீச்சர் சொன்னாள்,
"நல்ல குட்டியாணு. வெறுதே களயல்லே."
வீணாக்காதே என்று அர்த்தமாம்.
எங்களுக்குக் களைவது வேறு.
ஏலச்செடிக்கு அடியில் குனிந்தால்
இடுப்பு நிமிர ராத்திரியாகும்.

மாவட்டத்துக்கே எண்பது பேர்தான்.
ஆறாம் வகுப்பிலிருந்து விடுதி, சாப்பாடு, சீருடை,
துணி சோப்பு வரைக்கும் அவர்களே.
பால் கணக்குச் சீட்டின் பின்னால்
எண்பதில் ஒன்று என்று எழுதிப் பார்த்தேன்.
ஒன்று மிகவும் ஒல்லியாக இருந்தது.

நான் காய் ஸ்டோரில் சல்லடை பிடிக்கிறவள்.
எட்டு மில்லியில் நின்றால் ஒரு விலை,
ஏழில் நின்றால் ஒரு விலை.
தூசியோடு கீழே விழுந்ததை வாங்கவும்
புற்றடி ஏலத்தில் ஒருத்தன் உண்டு.
இதைச் சொன்னால் பாண்டீஸ்வரன்
"பிள்ளையைக் காயோட சேர்க்காத" என்பான்.
சேர்க்கவில்லை.
கை தானாக ஆடுகிறது, அவ்வளவுதான்.

சிந்தாமணி அக்கா மகன் அங்கே சேர்ந்து
மூன்றாம் மாதம் பெட்டியோடு திரும்பினான்.
ஏன் என்று இன்றுவரை சொல்லவில்லை.
நெடுங்கண்டத்தில் டயர் கடை, நன்றாகத்தான் இருக்கிறான்.
அடுத்த வருடம் போன மாயக்காள் மகள்
கொச்சியில் கண் டாக்டருக்குப் படிக்கிறாள்.
குழாயடியில் ஒரே வாய்
காலையில் அவனைச் சொல்கிறது, மாலையில் இவளை.

மாதிரி வினாத்தாளில் நான்கு படங்கள்.
சேராதது எது?
யோகஸ்ரீ மூன்றாவதைத் தொட்டாள்.
விடை நான்காவது.
"இதுல மட்டுந்தாம்மா ஓரத்துல மை கசிஞ்சிருக்கு."
குனிந்து பார்த்தேன். கசிந்திருந்தது.
முதுகில் ஒன்று வைத்தேன்.
விடை தப்பானதற்காக இல்லை,
அவள் சொன்னது எனக்கும் சரியென்று பட்டதற்காக.

கூடலூரிலிருந்து வேலைக்கு வந்து போன காலத்தில்
மழையில் ஏற்றத்தில் ஜீப் நின்றுவிட்டால்
பதினாறு பேர் இறங்கித் தள்ளுவோம்.
தள்ளுகிறவளுக்கு முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது.
சக்கரம் வாரியடிக்கும் சேறு தெரியும்,
பக்கத்தில் தள்ளுகிறவளின் மூச்சு தெரியும்.
ஸ்டீயரிங் பிடித்தவன் ஏதோ கத்துவான்.
தள்ளு என்கிறானா, நிறுத்து என்கிறானா,
இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்காது.
அந்த டிரைவரைத்தான் கட்டிக்கொண்டேன்.
இப்போது அவனும் என் பக்கம் வந்து நிற்கிறான்,
பின்னால்.

நேற்றிரவு அவளிடமே கேட்டோம்.
போகிறேன் என்றும் சொல்லவில்லை,
மாட்டேன் என்றும் சொல்லவில்லை.
"அங்க ராத்திரி லைட்ட யாரு அணைப்பா?"
அவன் என்னைப் பார்த்தான்.
நான் சுவிட்சைப் பார்த்தேன்.
இங்கே தினமும் அவள்தான்,
ஸ்டூல் போட்டு ஏறி, நுனிக்காலில் எட்டி.
யாரும் ஒருநாளும் அவளை அணைக்கச் சொன்னதில்லை.

இன்று நாலரைக்கு அக்ஷயா மையம்.
போட்டோவில் காது தெரியவேண்டுமென்று
பின்னலை மேலே தூக்கிக் கட்டியிருந்தேன்.
திடீரென்று வேறு யாரோ போலிருந்தாள்.
"பரீக்ஷ ஏது பாஷயிலா?"
பையன் பட்டியலை இழுத்து இறக்கினான்.
நான் ஆங்கிலம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
"தமிழ்" என்றாள் அவள்.
கேட்டவனிடமே, என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

கரண்ட் போனது.
யுபிஎஸ் ஒரு தடவை கத்தி ஓய்ந்தது.
வெளியே மழை, உள்ளே மூன்று பேரும்
ஸ்க்ரீன் இருந்த இடத்தையே பார்த்து நின்றோம்.
"அஞ்சு மணிக்குள்ள வரும் சேச்சி."
வராமல் போகட்டும் என்று ஒரு நிமிடம்.
ஐயோ வரவேண்டுமே என்று அடுத்த நிமிடம்.
மாறி மாறி வாசலுக்கும் மீட்டருக்கும் நடந்தேன்.

யோகஸ்ரீ என் கையை விட்டிருந்தாள்.
இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே போய்
சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று
பார்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.